முதல் பங்குக் கணக்கு ஒத்துப்போக ஒரு வருடம்

2025 ஜூலை கடைசியில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு என் நோட்டிலிருந்த கொள்முதல் விலையும் தரகர் செயலி காட்டிய கொள்முதல் விலையும் பைசா சுத்தமாக ஒத்துப்போயின. பங்கு எண்ணிக்கையை, நம் பங்குகளை மின்னணு வடிவில் காத்துவைக்கும் சிடிஎஸ்எல் நிறுவனம் மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்பும் அறிக்கையோடு ஒப்பிட்டேன். அதுவும் சரி. 2024 ஆகஸ்டில் கணக்கு தொடங்கினேன். அன்றிலிருந்து இந்த மூன்றும் ஒருநாளும் ஒன்றாக நின்றதில்லை. கடைசி வரை உதைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு பங்கு. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

நான் கும்பகோணத்தில் கல்லூரி இறுதியாண்டு முடித்தவள். மாலையில் ஆறு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், தலைக்கு மாதம் 300 ரூபாய். அதில் சேர்த்த 12,000 ரூபாயை வைத்துத்தான் இதில் இறங்கினேன். போனாலும் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை என்ற அளவுக்கான பணம். இதை எழுதுவது, என்னைப் போல ஐந்துக்கும் பத்துக்கும் கணக்குப் பார்க்கும் மாணவர்களுக்காக. லட்சத்தில் தொடங்குபவர்களுக்கு நான் பட்ட பாதிச் சிக்கல்கள் கண்ணிலேயே படாது.

கணக்குத் திறக்க பான் அட்டை, கைப்பேசி எண் இணைத்த ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வெள்ளைத் தாளில் கையெழுத்து. கையெழுத்தைக் கோடு போட்ட தாளில் போட்டுப் படம் எடுத்ததால் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். திறப்புக் கட்டணம் 200 ரூபாய். பங்கின் வருங்கால விலையை வைத்துப் பந்தயம்போல் நடக்கும் எஃப் அண்ட் ஓ வேண்டுமா என்று கேட்ட இடத்தில் வேண்டாம் என்று விட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் நிம்மதிதான். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாக, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது. வாரிசுதாரராக அம்மா பெயரைப் போட்டேன்.

முதல் காலாண்டில் பராமரிப்புக் கட்டணம் என்று 88 ரூபாய் 50 காசு பிடித்தார்கள். வருடத்துக்கு 354 ரூபாய், 12,000 ரூபாயில் கிட்டத்தட்ட 3 சதவீதம். வருமானமே வராத இடத்தில் இது பெரிய ஓட்டை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குக்குப் பெயர் டீமேட். அதில் அடிப்படைச் சேவை டீமேட் என்று ஒன்று உண்டு என்று அவர்தான் சொன்னார். ஒருவருக்கு ஒரே டீமேட் கணக்கு இருந்து, அதிலுள்ள மதிப்பு 4 லட்சத்துக்குள் இருந்தால் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்த வரம்பு உயர்த்தப்பட்டிருந்தது. தரகருக்கு மின்னஞ்சல் அனுப்பி மாற்றிக்கொண்டேன். கணக்குத் திறக்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் கொள்முதல் கெட்டுப்போனது இப்படி. ஆகஸ்டில் ஒரு நாள் காலை ஐடிசி 10 பங்கு, 495 ரூபாய் 20 காசுக்கு வாங்கினேன். கணக்கிலிருந்து 4,952 ரூபாய் குறைய வேண்டும். 990 ரூபாய்தான் குறைந்திருந்தது. மீதியை மறுநாள் எடுத்துக்கொள்வார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மாலையில் பார்த்தால் பங்கே இல்லை. செயலியில் 'இன்ட்ராடே' பொத்தான் தேர்வாகி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்கிறவர்களுக்கான வழி அது. ஐந்தில் ஒரு பங்குப் பணம் கட்டினால் போதும், நாமாக விற்காவிட்டால் மூன்று இருபதுக்கு அவர்களே விற்றுவிடுவார்கள். விற்ற விலை 493 ரூபாய் 10 காசு. விலை வித்தியாசம் 21 ரூபாய். அவர்களாக விற்றதற்குக் கட்டணம் வரியோடு 59 ரூபாய். தரகும் மற்றதும் 5 ரூபாய். மொத்தம் 85.

இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். அப்பாவுக்குப் பாத்திரக்கடை. பங்குச்சந்தை பிடிக்காது, ஆனால் கணக்கு என்றால் உட்கார்ந்துவிடுவார். என் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்குன வெல, வித்த வெல மட்டும் எழுதியிருக்க பாப்பா. ஏத்துகூலி, எறக்குகூலி எங்க?" என்றார். கடையில் சிட்டாவும் பேரேடும் எழுதுவது போலவே எனக்கும் ஒரு நீள நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, சரக்கு, எண்ணிக்கை, விலை, கூலி, ஏன் வாங்கினேன். கடைசிப் பத்தி மட்டும் நான் சேர்த்தது. இந்த வருடத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பத்திதான்.

ஆனால் உடனே அல்ல. செப்டம்பரில் கல்லூரித் தோழி ஒருத்தி என்னை ஒரு செய்திக் குழுவில் சேர்த்துவிட்டாள். அங்கே தினம் ஒரு பங்கை வாங்கச் சொல்வார்கள். அதில் வந்த ஒரு சின்ன நிறுவனத்தை 18 ரூபாய் 40 காசுக்கு 100 பங்கு வாங்கினேன். நோட்டில் ஏன் என்ற இடத்தில் 'ஏறும்' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

மறுநாள் 19.32. அதற்கு மறுநாள் 20.28. தினம் 5 சதவீதம், அதற்கு மேல் ஏற முடியாத அப்பர் சர்க்யூட். மூன்றாம் நாளிலிருந்து அதே 5 சதவீதம் கீழே: 19.27, 18.31, 17.40. விற்க ஆர்டர் போட்டேன், நடக்கவில்லை. லோயர் சர்க்யூட்டில் வாங்குபவர் பக்கம் காலியாக இருக்கும். விற்பவர்கள் மட்டும் வரிசையில் நிற்பார்கள். ஒரே விலையில் யார் முதலில் ஆர்டர் போட்டாரோ அவருக்குத்தான் முதல் இடம். நான் ஒன்பதரைக்கு வகுப்பு இடைவெளியில் போடுவேன். எனக்கு முன்னால் லட்சக்கணக்கான பங்குகள் நிற்கும். நான்காம் இறங்குநாள் 16.53. ஐந்தாம் நாளுக்கு முந்தைய இரவே ஆர்டரைப் பதிந்து வைத்தேன், அது ஒன்பது மணிக்குச் சந்தைக்கு முந்தைய நேரத்திலேயே வரிசையில் போய் நின்றது. 15 ரூபாய் 71 காசுக்குப் போனது. விலையில் நட்டம் 269. டீமேட்டிலிருந்து பங்கு வெளியே போனதற்கான கட்டணம் வரியோடு 15 ரூபாய் 93 காசு. வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி இவ்விரண்டு ரூபாய். சில்லறை சேர்த்து 290.

அந்த 15 ரூபாய் 93 காசைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இது தரகு அல்ல. பங்கை வாங்கி டீமேட்டில் வைத்துக்கொள்ளும் டெலிவரிக்குத் தரகே இல்லை என்றுதான் என் தரகர் விளம்பரம் செய்கிறார், அது உண்மையும்கூட. இந்தக் கட்டணம் விற்கும்போது மட்டும் வரும். ஒரு பங்கு விற்றாலும் அதே தொகை, ஆயிரம் பங்கு விற்றாலும் அதே தொகை, ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை. 200 ரூபாய்ச் சரக்கை விற்றால் 8 சதவீதம் போய்விடும். 20,000 ரூபாய்ச் சரக்கில் கண்ணுக்கே தெரியாது. அக்டோபரில் என் தரகரிடம் இது 15 ரூபாய் 34 காசாகக் குறைந்தது. மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களில் இரண்டிரண்டு பங்கு வாங்கிவைப்பதைப் பார்க்கிறேன். வாங்குவதற்குத் தரகு இல்லை என்பதால் பாரம் தெரிவதில்லை. விற்கும் நாளில்தான் இந்த எறக்குகூலி வந்து நிற்கும்.

இரண்டு தவறுக்குப் பிறகு ஒரு மாதம் எதுவும் வாங்கவில்லை. அந்த மாதம்தான் உருப்படியாகப் படித்தது. அக்டோபர் நடுவில் ஒரே வாரத்தில் மூன்று சரக்கு வாங்கினேன், மூன்றும் டெலிவரி, மூன்றும் நான் குறித்த விலைக்கு மேல் போகாத லிமிட் ஆர்டர்: ஐடிசி 10 பங்கு 488 ரூபாய் வீதம் 4,880. சிட்டி யூனியன் வங்கி 15 பங்கு 152 வீதம் 2,280. நிஃப்டி பீஸ் 10 யூனிட் 278 வீதம் 2,780. மொத்தம் 9,940. மறுநாளே டீமேட்டில் வந்துவிட்டன. 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குக்கும் வாங்கிய மறுநாளே பட்டுவாடா.

நிஃப்டி பீஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிஃப்டி என்ற சந்தைக் குறியீட்டிலுள்ள 50 நிறுவனங்களையும் அதே விகிதத்தில் வைத்திருக்கும் இடிஎஃப், அதாவது சந்தையில் வாங்கி விற்கும் நிதி. பங்கைப் போலவே வாங்கலாம், வாங்கும்போது பரிவர்த்தனை வரியும் கிடையாது. வாங்குமுன் ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேர நிகர மதிப்பையும் சந்தை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதில் இரண்டும் ஒட்டியே இருக்கும். வியாபாரம் குறைவாக நடக்கும் வேறு சில இடிஎஃப்களில் விலகி நிற்கும்.

சிட்டி யூனியன் எங்கள் ஊர் வங்கி. 1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் தொடங்கியது, இன்றும் தலைமை அலுவலகம் இங்கேதான். அப்பாவின் கடைக்கணக்கும் அங்கேதான். ஊர்ப்பாசத்தில் வாங்கிவிடுவேனோ என்ற பயம் எனக்கே இருந்தது. அதனால் ஆண்டறிக்கையை இறக்கி, புரிந்த பக்கங்களை மட்டும் மூன்று இரவு படித்தேன். பிடிபட்டது ஒரே எண், மொத்த வாராக்கடன், அதாவது வங்கி கொடுத்த கடனில் திரும்பாமல் நிற்கும் பகுதி. 2023 மார்ச்சில் 4.37 சதவீதம், 2024 மார்ச்சில் 3.99. நோட்டில் ஏன் என்ற பத்தியில் எழுதியது: 'வாராக்கடன் குறைகிறது. ஒவ்வொரு காலாண்டும் பார்க்கணும். 4க்கு மேல் திரும்பப் போனால் விற்கணும்.'

ஐடிசிக்கு எழுதியது: 'நல்ல கம்பெனி. டிவிடெண்ட் தருகிறது.' டிவிடெண்ட் என்றால் நிறுவனம் லாபத்தில் பங்குதாரர்களுக்குத் தரும் பணம்.

இந்த இரண்டு வரிகளுக்கும் இடையிலிருக்கும் தூரம் அப்போது எனக்குத் தெரியவில்லை. 10 பங்கு வாங்கியதற்குக்கூடக் காரணம், ஆகஸ்டில் தவறவிட்ட அதே 10. அதனால் தொகுப்பில் பாதிக்கு மேல் இல்லையென்றாலும் 49 சதவீதம் ஒரே நிறுவனத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. "சிகரெட் கம்பெனியாடி?" என்று அம்மா ஒருமுறை கேட்டார். பிஸ்கட், ஆட்டா, ஓட்டல் என்று பட்டியல் சொன்னேன். லாபத்தின் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்துதான் வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நவம்பரிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதியை ஒட்டி, டியூஷன் பணத்தில் 1,000 ரூபாய்க்கு நிஃப்டி பீஸ். பெரும்பாலும் 3 யூனிட், மீதிச் சில்லறை கணக்கில் கிடக்கும். சந்தை இறங்கிக்கொண்டே வந்த காலம் அது. 2024 செப்டம்பரில் 26,000ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, 2025 மார்ச் 4 அன்று 22,082இல் முடிந்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் அதே ஆயிரத்துக்கு 4 யூனிட் கிடைத்தது. ஏப்ரல் 7 காலை, அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்புக்குப் பிறகு எல்லாம் சரிந்துகொண்டிருந்தபோது வாங்கினேன். கை நடுங்கியது. தேதி முன்பே குறித்து வைத்திருந்ததால் மட்டுமே வாங்கினேன், துணிச்சலால் அல்ல.

இனி அந்த ஒற்றைப் பங்கு. ஐடிசி தன் ஓட்டல் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரித்தது. 10 ஐடிசி பங்கு வைத்திருந்தால் 1 ஐடிசி ஓட்டல்ஸ் பங்கு, உரிமைத் தேதி 2025 ஜனவரி 6, அன்று ஐடிசி வைத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முந்தைய வெள்ளிக்கிழமை 481 ரூபாய் 60 காசில் முடிந்த பங்கு, அன்று 455 ரூபாய் 60 காசில் தொடங்கி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணி இடைவேளையில் பார்த்தவள் 5 பங்கை விற்க ஆர்டர் போட்டேன். விற்க அனுமதி கொடுக்கும் டிபின் எண் கேட்டது. செப்டம்பரில் ஒருமுறை உபயோகித்தது, மறந்துவிட்டது. புது எண் வரக் காத்திருந்த பத்து நிமிடத்தில் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "அவசரப்படாத. மொதல்ல எக்ஸ்சேஞ்சுல கம்பெனி என்ன அறிவிப்பு குடுத்திருக்குன்னு படி. அப்புறம் வித்துக்கலாம்" என்றார். படித்தேன். குறைந்த 26 ரூபாய் எங்கும் போகவில்லை, ஓட்டல் தொழிலின் விலை தனியே கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பத்துக்கு ஒன்று என்பதால் ஓட்டல் பங்கின் விலை 260 என்று அன்று கணக்கிட்டிருந்தார்கள். ஆர்டரை ரத்து செய்தேன்.

ஓட்டல் பங்கு டீமேட்டில் வந்தது. ஜனவரி 29இல் 180 ரூபாய்க்குப் பட்டியலானது. இங்கேதான் என் நோட்டு குழம்பியது. இலவசமாக வந்தது என்று நான் அதற்குக் கொள்முதல் விலை பூஜ்யம் எழுதியிருந்தேன், ஐடிசிக்கு 488. செயலியிலோ ஐடிசியின் விலை 422 ரூபாய் 7 காசு என்று மாறியிருந்தது. ஓட்டல்ஸுக்கு 659. சந்தையில் 180 விற்கும் பங்கை நான் 659க்கு வாங்கியதாகக் காட்டியது. செயலியில் பிழை என்று நினைத்து இரண்டு முறை புகார் எழுதினேன், தானியங்கிப் பதில்தான் வந்தது.

பிழை என்னுடையது. பிரிவினையில் வந்த பங்கு இலவசம் அல்ல. நான் முதலில் கொடுத்த 4,880 ரூபாய்தான் இரண்டுக்கும் பிரிகிறது, அதுவும் சந்தை விலை விகிதத்தில் அல்ல, நிறுவனத்தின் புத்தகக் கணக்கிலுள்ள நிகர மதிப்பின் விகிதத்தில். ஐடிசிக்கு 86.49 சதவீதம், ஓட்டல்ஸுக்கு 13.51 என்று நிறுவனமே அறிவித்திருந்தது. 4,880இல் 13.51 சதவீதம் 659 ரூபாய் 29 காசு. மீதி 4,220 ரூபாய் 71 காசைப் பத்தால் வகுத்தால் 422.07. இதை நானே கால்குலேட்டரில் போட்டு, வந்த எண் செயலியிலுள்ள எண்ணோடு ஒத்ததைப் பார்த்த இரவுதான் முதல் பத்தியில் சொன்ன இரவு. அப்பாவை எழுப்பிக் காட்டினேன். "பெரிய அண்டாவ அறுத்து ரெண்டு பாத்திரமா அடிச்சா, ரெண்டுக்கும் தாமிர வெலயப் பிரிச்சுத்தானே எழுதணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைய நிலவரம் இது. ஐடிசி 412 வீதம் 4,120, ஓட்டல்ஸ் 235, டிவிடெண்டாக வந்தது 6 ரூபாய் 50 காசும் 7 ரூபாய் 85 காசும் சேர்த்துப் பத்துப் பங்குக்கு 143 ரூபாய் 50 காசு. போட்டது 4,880, நட்டம் 381 ரூபாய் 50 காசு. சிட்டி யூனியன் 213 வீதம் 3,195, லாபம் 915. நிஃப்டி பீஸ் 39 யூனிட், போட்டது 10,503, மதிப்பு 10,881, லாபம் 378. கூட்டிக் கழித்தால் 911 ரூபாய் 50 காசு லாபம். அதிலிருந்து இன்ட்ராடே 85, செய்திக் குழுப் பங்கு 290, கணக்குத் திறப்பு 200, பராமரிப்பு 88.50, வாங்கியபோது போன சில்லறை 9. கையில் நிற்பது 239 ரூபாய்.

அஞ்சலகத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா கேட்டார். அஞ்சலகத் தொடர்வைப்பின் 6.7 சதவீத வட்டியை வைத்து, நான் போட்ட அதே தேதிகளில் போட்டதாகக் கணக்குப் பார்த்தேன். சுமார் 700 வந்திருக்கும். தவறுகள் இல்லாமல் இருந்திருந்தால் கிட்டத்தட்ட அதைத் தொட்டிருப்பேன், தவறுகளோடு மூன்றில் ஒரு பங்கு. ஒரு வருடத்துக்குள் இதை வைத்துப் பங்கு பெரிது, அஞ்சலகம் பெரிது என்று பேச முடியாது என்பதும் எனக்குத் தெரிகிறது.

சிட்டி யூனியன் ஏறியது என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இறங்கிய நாட்களில் எனக்குப் பார்க்க ஓர் எண் இருந்தது. 2025 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 3.09 சதவீதத்துக்கு வந்திருந்தது. எழுதிவைத்த காரணம் உயிரோடிருக்கிறது, விற்கத் தேவையில்லை. ஐடிசி பிப்ரவரி கடைசியில் 400 பக்கம் வந்தபோது நோட்டைத் திறந்தேன். 'நல்ல கம்பெனி' என்று இருந்தது. அதை வைத்து எதைச் சரிபார்ப்பது? விற்கவும் முடியவில்லை, நிம்மதியாக வைத்திருக்கவும் முடியவில்லை. தினம் நாலு முறை விலையைப் பார்த்தேன். மற்ற இரண்டையும் அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் சிலதை மாற்றுவேன். எந்த நிறுவனத்திலும் ஒரே ஒரு பங்கு முதலில் வாங்கி, மறுநாள் டீமேட்டில் வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகே மீதியை வாங்குவேன். என் இன்ட்ராடே தவறு அதில் பத்தில் ஒரு பங்கு பணத்தோடு பிடிபட்டிருக்கும். கட்டணம் என்னவோ அதே 59தான். பாதித் தொகையை முதல் நாளே நிஃப்டி பீஸில் போடுவேன், தனி நிறுவனம் எதுவும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஏன் என்ற பத்தியில் ஓர் எண் எழுத முடியாத பங்கை வாங்க மாட்டேன். மூன்று சரக்குக்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

ஐடிசியில் 5 பங்கை விற்றுக் குறைக்கலாமா என்று யோசித்து, அடுத்த காலாண்டு முடிவு வரை தள்ளி வைத்திருக்கிறேன். அதன் வரியில் பழைய காரணத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, சிகரெட் அல்லாத நுகர்பொருள் பிரிவின் வருவாய் வளர்ச்சி என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஓட்டல்ஸ் பங்கை விற்க மாட்டேன். 235 ரூபாயில் 15 ரூபாய் 34 காசு எறக்குகூலி போனால் 6.5 சதவீதம். சிட்டி யூனியன் 2024-25 நிதியாண்டுக்குப் பங்குக்கு 2 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்திருக்கிறது. 15 பங்குக்கு 30 ரூபாய் வர வேண்டும், அதற்கு ஒரு வரி காலியாகக் கிடக்கிறது.